சப்மிட் பண்ணா டேட்டா போய் சேரல, எங்க தேடறது?

நீங்க கேட்டது இதுதான்: ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம், ஃபெட்ச் (fetch, பேஜ் மாறாம ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்தே சர்வருக்கு அனுப்பறது) வச்சு அனுப்பறீங்க, சில நேரம் பட்டனை அழுத்தினதும் பேஜ் அப்படியே ரீலோட் ஆகிடுது, கன்சோல்ல சிவப்பா ஏதோ ஒரு நொடி தெரிஞ்சு மறைஞ்சிடுது, சில நேரம் ரீலோட் ஆகாம "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் '<'"ன்னு எரர் வருது, சர்வர் பக்கம் பாத்தா ஃபீல்டு எல்லாம் காலி. கோடையும் அனுப்பி, ஜாவாஸ்கிரிப்ட்ல எந்த வரி தப்புன்னு கேக்கறீங்க. இது ஒரு தப்பு இல்லைங்க, குறைஞ்சது ரெண்டு மூணு தனித்தனி தப்பு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. அதனால கோட் ஃபைலை மேல இருந்து கீழ படிச்சுட்டு உக்காராதீங்க. டேட்டா எது வரைக்கும் ஒழுங்கா போச்சு, எந்த இடத்துல காணாம போச்சுன்னு முதல்ல பிடிங்க. ஃபார்ம் விஷயத்துல எரர் கத்தற இடம் ஒண்ணு, தப்பு நடந்த இடம் வேற ஒண்ணா தான் பெரும்பாலும் இருக்கும்.

முதல் வேலை, மறைஞ்சு போற அந்த சிவப்பு எழுத்தை நிறுத்தி வைக்கறது. எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸ் திறங்க, குரோம், எட்ஜ்ல நெட்வொர்க் டேப்லயும் கன்சோல் செட்டிங்ஸ்லயும் "பிரிசர்வ் லாக்"னு ஒரு செக்பாக்ஸ் இருக்கும், ஃபயர்ஃபாக்ஸ்ல "பெர்சிஸ்ட் லாக்ஸ்"னு இருக்கும், ரெண்டு டேப்லயும் அதை டிக் பண்ணுங்க. இனிமே பேஜ் ரீலோட் ஆனாலும் பழைய எரர், பழைய ரிக்வெஸ்ட் எல்லாம் அங்கயே நிக்கும். இதைப் பண்ணாமலே ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், காரணம் எரர் மெசேஜ் ஒவ்வொரு தடவையும் வந்துட்டு தான் இருக்கும், படிக்கறதுக்குள்ள பேஜ் அதை அழிச்சிடும். அப்படியே இன்னொண்ணும் செஞ்சிடுங்க, இன்காக்னிட்டோ விண்டோல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அங்க எக்ஸ்டென்ஷன் பொதுவா ஓடாது. "மெசேஜ் போர்ட் க்ளோஸ்டு", "ரன்டைம் லாஸ்ட்எரர்"னு வர்றதெல்லாம் பிரவுசர்ல போட்டிருக்கற எக்ஸ்டென்ஷன் போடற சத்தம், உங்க ஃபார்முக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப அந்த ரீலோட் ஏன் ஆகுதுன்னு பாப்போம். ஃபார்மை சப்மிட் பண்ணா பேஜ் மாறணும்ங்கறது தான் பிரவுசரோட இயல்பு, நீங்க ஃபெட்ச் எழுதினதால அது மாறிடாது, "ப்ரிவென்ட் டிஃபால்ட்" கூப்பிட்டா தான் நிக்கும். அதை நீங்க கூப்பிட்டிருக்கீங்க, ஆனா ஃபங்ஷனோட கடைசியில, வேலிடேஷன் (நிரப்பினது சரியான்னு பாக்கறது) எல்லாம் முடிஞ்ச பிறகு. நடுவுல எந்த வரியிலயாவது எரர் அடிச்சா ஃபங்ஷன் அங்கயே செத்துடும், கடைசி வரிக்கு வரவே வராது, பிரவுசர் தன் பாட்டுக்கு ஃபார்மை அனுப்பிட்டு பேஜை மாத்திடும். உங்களுக்கு "சில நேரம்" மட்டும் ரீலோட் ஆகறதுக்கு இதுதான் காரணம், எந்த ஃபீல்டு காலியா இருந்தா எரர் வருதோ அப்ப மட்டும் ஆகுது. அதனால சப்மிட் ஹேண்ட்லர்ல (சப்மிட் ஆனா ஓடற அந்த ஃபங்ஷன்ல) முதல் வரியே ப்ரிவென்ட் டிஃபால்ட்டா இருக்கட்டும், அதுக்கு மேல எதுவும் வேண்டாம். அசிங்க் ஃபங்ஷனா இருந்தா இது இன்னும் முக்கியம், முதல் அவெய்ட் (பதிலுக்கு காத்திருக்கற இடம்) தாண்டின பிறகு கூப்பிட்டா பிரவுசர் அதுக்குள்ள முடிவு எடுத்து பேஜை மாத்தியிருக்கும். நெட்வொர்க் டேப்ல உங்க ஃபெட்ச் வரிக்கு பக்கத்துல "கேன்சல்டு"ன்னு இருந்தா நடந்தது இதுவான்னு தான் முதல்ல சந்தேகப்படணும், ஃபெட்ச் கிளம்பிச்சு, பேஜ் மாறினதும் பிரவுசர் அதை வெட்டி விட்டுடுச்சு.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். உங்க ஃபார்ம் டேக்ல மெத்தட் போடல. போடலன்னா பிரவுசர் கெட்னு (GET, டேட்டாவை யூஆர்எல்லயே சேர்த்து அனுப்பற முறை) எடுத்துக்கும். அப்ப ஸ்கிரிப்ட் செத்துப்போன நேரத்துல ஃபார்ம் தானா போனா என்ன ஆகும்னு அட்ரஸ் பாரைப் பாருங்க, கேள்விக்குறி போட்டு பேரு, ஈமெயில், பாஸ்வேர்டு எல்லாம் வரிசையா யூஆர்எல்லயே நிக்கும். அது பிரவுசர் ஹிஸ்டரில பதியும், சர்வரோட ஆக்சஸ் லாக்ல பதியும். யாரோ ஒருத்தர் நம்பி டைப் பண்ண பாஸ்வேர்டு அது. அதனால எல்லாத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்லயே அனுப்பினாலும் ஃபார்ம் டேக்ல மெத்தட் போஸ்ட்னு (POST, டேட்டாவை யூஆர்எல்ல காட்டாம ரிக்வெஸ்ட் உள்ள, அதாவது பாடியில, வச்சு அனுப்பற முறை) எழுதி வச்சிடுங்க, ஸ்கிரிப்ட் ஓடலன்னாலும் பாஸ்வேர்டு யூஆர்எல்ல தெரியாது. தயவு செஞ்சு மத்த எதைப் பண்றதுக்கும் முன்னாடி இதைப் பண்ணுங்க.

சரி, ஹேண்ட்லர் உள்ள எரர் அடிக்குதுன்னு சொன்னேனே, அது என்ன எரர்னு பாத்தா பெரும்பாலும் "கேன்னாட் ரீட் பிராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்"னு ஆரம்பிச்சு, ரீடிங் வேல்யூன்னு முடியும். அதாவது கெட் எலிமென்ட் பை ஐடி கூப்பிட்டீங்க, அந்த ஐடில எதுவும் கிடைக்கல, நல் (null, ஒண்ணுமில்லங்கற மதிப்பு) வந்துச்சு, நல்லுக்கு வேல்யூ கேட்டா எரர். ஏன் கிடைக்கலன்னா ஒண்ணு ஐடில எழுத்துப் பிழை, கேப்பிடல் ஸ்மால் மாறினாலும் கிடைக்காது, இல்ல நேம் மட்டும் கொடுத்துட்டு ஐடி கொடுக்காம விட்டிருப்பீங்க, இல்ல ஸ்கிரிப்ட் டேக் மேல ஹெட்லயே இருந்து ஃபார்ம் உருவாகறதுக்கு முன்னாடியே ஓடியிருக்கும். கடைசி கேஸ்ல எரர் ஆட் ஈவென்ட் லிசனர் வரியிலயே அடிக்கும், ஹேண்ட்லர் ஒட்டவே ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் ரீலோட் ஆகும். ஸ்கிரிப்ட் டேக்ல டிஃபர் போட்டா போதும், பேஜ் உருவான பிறகு தான் ஸ்கிரிப்ட் ஓடும். இதுக்கு செட்டைம்அவுட் போட்டு அரை நொடி காத்திருக்க வைக்கறதெல்லாம் வேண்டாம், உங்க மெஷின்ல ஓடும், மெதுவான மொபைல்ல ஓடாது.

ஹேண்ட்லரை எதுல ஒட்டறீங்கங்கறதும் பெரிய விஷயம். நீங்க சப்மிட் பட்டனோட க்ளிக்ல ஒட்டியிருக்கீங்க. க்ளிக் முதல்ல நடக்கும், அதுக்குப் பிறகு தான் பிரவுசர் ரெக்கொயர்ட், ஈமெயில் ஃபார்மட் எல்லாம் செக் பண்ணும், அதுவும் பாஸானா தான் சப்மிட் ஈவென்ட் வரும். க்ளிக்லயே ப்ரிவென்ட் டிஃபால்ட் போட்டுட்டா அந்த செக்கிங் நடக்கவே நடக்காது, அதான் ஈமெயில் பாக்ஸ்ல ரெக்கொயர்ட் போட்டும் காலியா போகுதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. லிசனரை ஃபார்ம் மேல, சப்மிட் ஈவென்ட்டுக்கு ஒட்டுங்க. அதே மாதிரி ஃபார்ம் உள்ள வெறும் பட்டன் டேக் போட்டா அதோட டைப் தானாவே சப்மிட் தான். "இன்னொரு வரி சேர்"னு வச்சிருக்கற பட்டனை அழுத்தினாலும் ஃபார்ம் போயிடுதுன்னா அதுக்கு டைப் பட்டன்னு எழுதணும்.

கோட்ல இருந்து நாமளே ஃபார்மை அனுப்பணும்னா நிறைய பேரு ஃபார்ம் டாட் சப்மிட்னு கூப்பிடறாங்க. அது சப்மிட் ஈவென்ட்டையும் கிளப்பாது, வேலிடேஷனையும் பாக்காது, நேரா அனுப்பிடும். ரிக்வெஸ்ட் சப்மிட்னு இன்னொண்ணு இருக்கு, அது பட்டனை அழுத்தின மாதிரியே எல்லாம் பண்ணும், 2022-ல சஃபாரி 16 வந்ததுல இருந்து பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் இருக்கு, அதையே பயன்படுத்துங்க. இதுல இன்னொரு எரர் வரும், "ஃபார்ம் டாட் சப்மிட் இஸ் நாட் எ ஃபங்ஷன்". முதல் தடவை பாக்கறவங்களுக்கு புரியவே புரியாது, சப்மிட் ஃபங்ஷன் இல்லாம எப்படின்னு தோணும். விஷயம் என்னன்னா ஃபார்ம் உள்ள இருக்கற ஒவ்வொரு ஃபீல்டும் அதோட நேம், ஐடி பேர்ல ஃபார்ம் ஆப்ஜெக்ட் மேலயே உக்காந்துக்கும். பட்டனுக்கு நேம் சப்மிட்னு வச்சிருந்தா ஃபார்ம் டாட் சப்மிட்னு கேட்டா அந்த பட்டன் தான் வரும், ஃபங்ஷன் பின்னாடி மறைஞ்சிடும். பட்டன் பேரை மாத்துங்க, தீர்ந்தது.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் கெட்டிக்காரன், எரரே கொடுக்க மாட்டான். வேர்ட்பிரஸ்ல அட்மின் ஏஜாக்ஸுக்கு (இந்த மாதிரி ரிக்வெஸ்ட்டை வாங்கற அதோட ஃபைல்) அனுப்பும்போது ஆக்ஷன்ங்கற பேர்ல ஒரு ஹிட்டன் ஃபீல்டு வைக்கணும். அதே ஃபார்ம்ல ஃபெட்ச்சுக்கு யூஆர்எல்லா ஃபார்ம் டாட் ஆக்ஷனைக் கொடுத்தா வர்றது யூஆர்எல் இல்ல, அந்த ஹிட்டன் இன்புட். ஜாவாஸ்கிரிப்ட் அதை சத்தமில்லாம எழுத்தா மாத்தி, "ஆப்ஜெக்ட் எச்டிஎம்எல் இன்புட் எலிமென்ட்"ங்கற அட்ரஸுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும். நெட்வொர்க் டேப்ல சதுர அடைப்புக்குறியோட அப்படி ஒரு அட்ரஸ் 404 (இப்படி ஒரு பேஜ் இல்லங்கற பதில்) வாங்கிட்டு நின்னா காரணம் இதுதான். கெட் ஆட்ரிப்யூட் வச்சு ஆக்ஷனை எடுங்க, சரியா வரும்.

பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கல, ரீலோடும் இல்ல, ரிக்வெஸ்ட்டும் இல்லன்னா, கன்சோல்ல "அன் இன்வேலிட் ஃபார்ம் கன்ட்ரோல் இஸ் நாட் ஃபோகசபிள்"னு இருக்கான்னு பாருங்க. ஒளிச்சு வச்ச ஒரு பகுதிக்குள்ள ரெக்கொயர்ட் போட்ட ஃபீல்டு இருக்கு, அது காலி, பிரவுசர் அதைக் காட்டி "இதை நிரப்பு"ன்னு சொல்லப் பாக்குது, ஆனா காட்ட முடியல, அதனால அமைதியா நிறுத்திடுது. பல ஸ்டெப் உள்ள ஃபார்ம்ல இது அடிக்கடி வரும். ஒளிக்கும்போது அந்த ஃபீல்டை டிஸேபிளும் பண்ணுங்க.

அடுத்தது, ஃபீல்டு எல்லாம் காலியா போறது. இதுக்கு நெட்வொர்க் டேப்ல உங்க ரிக்வெஸ்ட்டை க்ளிக் பண்ணி பேலோட்னு இருக்கற டேப்பைத் திறங்க. சர்வர் லாக், உங்க கன்சோல் லாக், உங்க ஞாபகம், எல்லாத்தையும் விட அதை நம்புங்க. பிரவுசர் உண்மையிலேயே என்ன அனுப்பிச்சோ அது அங்க இருக்கும். அங்க டேட்டா இருந்தா பிரவுசர் பக்கம் ஒழுங்கு, சர்வருக்குப் போங்க. அங்கயே காலின்னா சர்வரைத் தொடாதீங்க, தப்பு இந்தப் பக்கம் தான். வேலை பாதியா குறைஞ்சிடும்.

பேலோட் காலியா இருக்க காரணம் பல இருக்கு. ஃபார்ம்டேட்டா (ஃபார்ம்ல நிரப்பினதை மொத்தமா எடுத்து வைக்கற ஆப்ஜெக்ட்) ஐடியைப் பாக்காது, நேமை மட்டும் தான் பாக்கும், நேம் இல்லாத ஃபீல்டு அதுக்கு இல்லாத மாதிரியே. டிஸேபிள் ஆன ஃபீல்டு போகாது, ரீட்ஒன்லி போகும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டிக் பண்ணாத செக்பாக்ஸ் ஃபால்ஸ்னு போகாது, மொத்தமாவே போகாது. உங்க கோட்ல எனக்கு கண்ணுல பட்டது வேற ஒண்ணு: சப்மிட் ஆனதும் யாரும் தொடக்கூடாதுன்னு ஃபீல்டுசெட் (ஃபீல்டு எல்லாத்தையும் சுத்தியிருக்கற டேக்) முழுசையும் டிஸேபிள் பண்றீங்க, லோடிங் சுத்த விடறீங்க, அதுக்கு அடுத்த வரியில தான் நியூ ஃபார்ம்டேட்டா போடறீங்க. அந்த நேரத்துல ஃபார்ம்ல உயிரோட ஒரு ஃபீல்டு கூட இல்ல, எல்லாம் டிஸேபிள், அதனால ஃபார்ம்டேட்டா சுத்தமா காலி. ரெண்டு வரியையும் இடம் மாத்துங்க, முதல்ல டேட்டாவை எடுங்க, பிறகு பூட்டுங்க. உங்க சர்வர்ல எல்லாம் காலியா தெரிஞ்சதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம்.

ஃபார்ம்டேட்டாவை கன்சோல்ல லாக் பண்ணி பாத்தா பொதுவா காலி ஆப்ஜெக்ட் மாதிரி தான் தெரியும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, என்ட்ரீஸை ஒரு அர்ரேல விரிச்சு லாக் பண்ணா உள்ள இருக்கறது தெரியும். ஆனா ஃபார்ம்டேட்டாவை ஜேசனா (JSON, டேட்டாவை எழுத்தா அனுப்பற ஒரு வடிவம்) மாத்தறதுக்கு நேரா ஜேசன் ஸ்டிரிங்கிஃபைல போட்டா அது நிஜமாவே வெறும் ரெண்டு அடைப்புக்குறியா போகும். ஆப்ஜெக்ட் ஃப்ரம் என்ட்ரீஸ் வச்சு மாத்திட்டு போடணும், அப்பவும் ஒரே பேர்ல நாலு செக்பாக்ஸ் டிக் ஆகியிருந்தா கடைசி ஒண்ணு மட்டும் மிஞ்சும், மத்தது போயிடும், அதுக்கு கெட் ஆல் வேணும். ஃபைல் இருந்தா ஜேசன் பக்கமே போகாதீங்க. நம்பர் ஃபீல்டுலயும் கவனம், வேல்யூ எப்பவும் எழுத்து தான், 5-ம் 3-ம் கூட்டினா 53 வரும். நம்பர்னு மாத்தினா காலி பாக்ஸ் 0 ஆகும், பார்ஸ்இன்ட் போட்டா நேன் (NaN, எண் இல்லங்கற மதிப்பு) ஆகும், அந்த நேன் ஜேசன்ல போகும்போது "நல்" (null) ஆகிடும், அப்புறம் சர்வர்ல "இந்த நல் எங்கிருந்து வந்துச்சு"ன்னு தேடிட்டு இருப்பீங்க.

"ஃபெயில்டு டு கன்ஸ்ட்ரக்ட் ஃபார்ம்டேட்டா, பாராமீட்டர் 1"ன்னு ஒரு எரர் வந்தா ஃபார்முக்கு பதிலா வேற எதையோ கொடுத்திருக்கீங்க. க்ளிக் ஹேண்ட்லர்ல ஈவென்ட் டாட் டார்கெட் கொடுத்தா அது பட்டன். கரன்ட் டார்கெட் கொடுத்தாலும், அவெய்ட் தாண்டின பிறகு அது நல் ஆகிடும். ஃபங்ஷன் ஆரம்பத்துலயே ஒரு வேரியபிள்ல ஃபார்மைப் பிடிச்சு வச்சிடுங்க.

ஹெடர் விஷயம். ஃபார்ம்டேட்டாவை பாடியில கொடுத்தா கன்டென்ட் டைப் ஹெடரை நீங்க எழுதக்கூடாது. மல்டிபார்ட்ல (ஃபார்ம்டேட்டா போற வடிவம்) ஒவ்வொரு ஃபீல்டையும் பிரிக்க பவுண்டரின்னு ஒரு அடையாளம் இருக்கும், அதை பிரவுசர் தானே உருவாக்கி ஹெடர்ல சேர்க்கும். நீங்க கையால மல்டிபார்ட்னு மட்டும் எழுதினா பவுண்டரி இல்லாம போகும், சர்வருக்கு எங்க வெட்டறதுன்னு தெரியாது. நல்லது பண்றோம்னு நினைச்சு சேர்க்கற ஒரு வரி தான் இதைக் கெடுக்கும். ஜேசன் அனுப்பறப்ப மட்டும் அப்ளிகேஷன் ஜேசன்னு எழுதணும், அங்க எழுதலன்னா வெறும் டெக்ஸ்ட்டா தான் போகும். அப்புறம் சர்வரும் அதுக்கு தயாரா இருக்கணும், பிஎச்பில ஜேசன் அனுப்பினா டாலர் போஸ்ட் ($_POST) காலியா தான் இருக்கும், இன்புட் ஸ்ட்ரீமைப் படிச்சு டீகோட் பண்ணணும். எக்ஸ்பிரஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் ஃபிரேம்வொர்க்) ஜேசன் மிடில்வேர் (வர்ற டேட்டாவைப் பிரிச்சுக் கொடுக்கற இடைக் கோட்) போடலன்னா பாடி அன்டிஃபைன்டு, அதுவும் ரூட்டுக்கு மேல போடணும். மல்டிபார்ட்டுக்கு மல்டர் மாதிரி ஒண்ணு தனியா வேணும், ஜேசன் மிடில்வேர் அதைத் தொடாது.

இப்ப அந்த '<' எரர். இது ஜாவாஸ்கிரிப்ட் எரர் மாதிரி தெரியுது, ஆனா ஜாவாஸ்கிரிப்ட்ல தப்பே இல்ல. ஜேசன் வரும்னு நம்பி ரெஸ்பான்ஸை பார்ஸ் பண்ணீங்க (பிரிச்சுப் படிக்கப் பாத்தீங்க), வந்தது ஒரு எச்டிஎம்எல் பேஜ், அதோட முதல் எழுத்து '<', அதைப் பாத்ததுமே பார்சர் நின்னுடுச்சு. ஃபயர்ஃபாக்ஸ்ல இதே எரர் "அன்எக்ஸ்பெக்டட் கேரக்டர், லைன் 1 காலம் 1"னு வரும். அதனால கேக்க வேண்டிய கேள்வி, எனக்கு எதுக்கு எச்டிஎம்எல் வந்துச்சு? பதில் ரெஸ்பான்ஸ் டேப்ல அப்படியே எழுதியிருக்கும், திறந்து படிங்க. 404 பேஜா இருந்தா யூஆர்எல் தப்பு. பிஎச்பி வார்னிங் மேல ஒட்டிட்டு வந்திருந்தா சர்வர் கோட் தப்பு. லாகின் பேஜா இருந்தா செஷன் முடிஞ்சிருக்கு. லாரவெல்ல (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) 419 வந்தா சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் உங்க சைட்ல இருந்து தான் வந்துச்சுன்னு காட்டற அடையாளம்) இல்ல, இல்லன்னா பொருந்தல, ஜாங்கோல (பைத்தான் ஃபிரேம்வொர்க்) அதே விஷயத்துக்கு 403 வரும். லாரவெல்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு, வேலிடேஷன் ஃபெயில் ஆச்சுன்னா, ஜேசன் வேணும்னு அக்செப்ட் ஹெடர்ல நீங்க சொல்லலன்னா, அது பழைய பேஜுக்கே ரீடைரக்ட் பண்ணும், ஃபெட்ச் அந்த ரீடைரக்ட் பின்னாடியே போய் ஃபார்ம் பேஜோட எச்டிஎம்எல்லை 200-ஓட எடுத்துட்டு வந்து கொடுக்கும். அக்செப்ட்ல அப்ளிகேஷன் ஜேசன்னு போட்டா அதே தப்புக்கு 422-ம் எந்த ஃபீல்டு தப்புங்கற ஜேசனும் அழகா வரும்.

ரீடைரக்ட்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல தொடர்பு ஃபார்ம் ஒண்ணு, எங்க மெஷின்ல எல்லாம் சரியா ஓடுச்சு, லைவ்ல போட்டதும் சர்வருக்கு டேட்டாவே வரல. கோட் ஒண்ணு தான், பேலோட்லயும் டேட்டா இருந்துச்சு, சர்வர் மட்டும் காலின்னு சொல்லுது. ரெண்டு நாள் சர்வர் கோட்ல தேடினேன். கடைசியில நெட்வொர்க் டேப்பை நிதானமா பாத்தா ஒரே சப்மிட்டுக்கு ரெண்டு வரி இருக்கு, முதல் வரி போஸ்ட், ஸ்டேட்டஸ் 301, ரெண்டாவது வரி கெட், ஸ்டேட்டஸ் 200. அட்ரஸை உத்துப் பாத்தா ரெண்டாவதுல கடைசியில ஒரு சாய்கோடு கூட இருந்துச்சு. லைவ் சர்வர்ல சாய்கோடு இல்லாம வந்தா சேர்த்து திருப்பி அனுப்பற மாதிரி செட்டிங், 301, 302 ரெண்டுலயும் பிரவுசர் போஸ்ட்டை கெட்டா மாத்தி பாடியைக் கீழ போட்டுட்டு தான் போகும். 307, 308-ஆ இருந்தா தான் போஸ்ட் போஸ்ட்டாவே போகும். யூஆர்எல்ல ஒரு சாய்கோடு சேர்த்தேன், சரியாச்சு. அந்த ரெண்டு நாளும் வந்து ஃபார்ம் நிரப்பினவங்களுக்கு "அனுப்பியாச்சு, நன்றி"ன்னு தான் காட்டியிருக்கு, ஏன்னா கெட்டுக்கு 200 வந்துச்சே. அவங்க எழுதினது யாருக்கும் போய் சேரல. அது இன்னிக்கும் மனசுல உறுத்துது, அதனால தான் இதை இவ்வளவு நீட்டி சொல்றேன். எச்டிடிபில இருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு திருப்பி விடற சர்வர்லயும் இதே கதை தான்.

அதோட சேர்ந்தது, ஃபெட்ச் 404 வந்தாலும் 500 (சர்வர் உள்ளயே எரர்) வந்தாலும் கேட்ச் (எரரைப் பிடிக்கற பகுதி) பக்கம் போகாது. நெட்வொர்க்கே இல்லன்னா, ரிக்வெஸ்ட் வெட்டுப்பட்டா, கார்ஸ் (CORS, வேற டொமைன்ல இருந்து வர்ற பதிலைப் படிக்க விடலாமான்னு பிரவுசர் பாக்கற விதி) தடுத்தா தான் போகும். சர்வர் வெடிச்சு 500 கொடுத்தாலும் ஃபெட்ச் பொறுத்தவரை பதில் வந்துச்சு, வேலை முடிஞ்சது. ரெஸ்பான்ஸ் டாட் ஓகேயைப் பாத்து, 200-ல இருந்து 299-க்குள்ள இல்லன்னா நீங்களே த்ரோ பண்ணணும். உங்க கோட்ல அந்த செக்கிங் இல்லாததால 500-ஐயும் வெற்றின்னு எடுத்து உடனே பார்ஸ் பண்ணப் போகுது. நான் பண்றது என்னன்னா, முதல்ல டெக்ஸ்ட்டா வாங்கி ஒரு வேரியபிள்ல வச்சுட்டு, பிறகு பார்ஸ் பண்ணுவேன், பார்ஸ் ஃபெயில் ஆனா அந்த டெக்ஸ்ட்டோட முதல் 200 எழுத்தை கன்சோல்ல போடுவேன். ஜேசனையும் டெக்ஸ்ட்டையும் ஒரே ரெஸ்பான்ஸ்ல அடுத்தடுத்து கூப்பிட்டா "பாடி ஸ்ட்ரீம் ஆல்ரெடி ரெட்"னு வரும், பாடியை ஒரு தடவை தான் படிக்க முடியும். "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஜேசன் இன்புட்"னு வந்தா பதில் காலியா வந்திருக்கு, 204-ஆ இருக்கலாம், இல்ல சர்வர் பாதியிலயே செத்திருக்கலாம்.

"ஃபெயில்டு டு ஃபெட்ச்"னு மட்டும் குரோம்ல வந்தா, அந்த எரரை விட கன்சோல்ல அதுக்கு மேல இருக்கற வரியைப் படிங்க, பெரும்பாலும் கார்ஸ்னு இருக்கும். ஃபார்ம் ஒரு டொமைன், ஏபிஐ (டேட்டாவை வாங்கற சர்வர் பக்கம்) இன்னொரு டொமைன், போர்ட் நம்பர் மாறினாலும் வேற வேற தான். ஜேசன் அனுப்பினா பிரவுசர் முதல்ல ஆப்ஷன்ஸ்னு ஒரு முன்னோட்ட ரிக்வெஸ்ட் அனுப்பி அனுமதி கேக்கும், சர்வர் அதுக்கு சரியான ஹெடரோட பதில் சொல்லணும். போஸ்ட்மேன்ல (ரிக்வெஸ்ட்டை சோதிச்சுப் பாக்கற ஆப்) வேலை செய்யுது பிரவுசர்ல செய்யலன்னா குழம்ப வேண்டாம், கார்ஸ்ங்கறது பிரவுசர் மட்டும் கடைப்பிடிக்கற சட்டம். இதுக்கு மருந்துன்னு மோட் நோ கார்ஸ் போடச் சொல்லி எங்க பாத்தாலும் எழுதியிருப்பாங்க, போடாதீங்க. எரர் மறையும், ஆனா பதிலை உங்களால படிக்க முடியாது, ஸ்டேட்டஸ் 0-ன்னு வரும், ஜேசன் கன்டென்ட் டைப்பும் போகாது. சரி பண்ண வேண்டியது சர்வர்ல தான். அதுலயும் ஒரு பொய்த் தோற்றம் இருக்கு, சர்வர்ல 500 எரர் வந்து, அந்த எரர் பதில்ல கார்ஸ் ஹெடர் இல்லாம போனா பிரவுசர் அதையும் கார்ஸ் எரர்னு தான் காட்டும். நேத்து வரைக்கும் ஓடின ஏபிஐ இன்னிக்கு திடீர்னு கார்ஸ்னு சொன்னா, செட்டிங்கை மாத்தறதுக்கு முன்னாடி சர்வர் லாக்கைப் பாருங்க.

ஃபைல் போகலன்னா அளவைப் பாருங்க. என்ஜின்எக்ஸ்ல (வெப் சர்வர்) பாடி அளவு தானா 1 எம்பி தான், தாண்டினா 413 எரர் வரும். பிஎச்பில அப்லோட் ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி, இந்த ரெண்டாவதைத் தாண்டினா ஃபைல் மட்டும் இல்ல, பேரு ஈமெயில்னு எல்லா ஃபீல்டும் சேர்ந்து காலியாகிடும். சின்ன படம் போட்டா ஓடுது, பெரிய படம் போட்டா எல்லாமே காலிங்கறது இதோட அடையாளம்.

கடைசியா, எரர் எல்லாம் போன பிறகும் ரெண்டு வேலை மிச்சம் இருக்கு. ஒண்ணு, டபுள் சப்மிட். மெதுவான இணைப்புல ஆளு ரெண்டு தடவை அழுத்துவாங்க, ரெண்டு ரெக்கார்டு விழும். பட்டனை டிஸேபிள் பண்ணுங்க, ஆனா க்ளிக்ல பண்ணாதீங்க, க்ளிக்லயே டிஸேபிள் ஆயிட்டா சப்மிட்டே நடக்காம போகலாம், சப்மிட் ஹேண்ட்லர் உள்ள பண்ணுங்க, திரும்ப எனேபிள் பண்றதை ஃபைனலி (finally, எரர் வந்தாலும் வராட்டாலும் ஓடற பகுதி) உள்ள வைங்க, இல்லன்னா ஒரு எரர் வந்தா பட்டன் செத்தே கிடக்கும். பணம், பதிவு மாதிரி விஷயம்னா இது மட்டும் பத்தாது, ஃபார்ம் திறக்கும்போதே ஒரு தனி ஐடி உருவாக்கி கூடவே அனுப்பி, அதே ஐடி ரெண்டாவது தடவை வந்தா சர்வர் புதுசா எழுதாம பழைய பதிலையே கொடுக்கற மாதிரி பண்ணணும். இன்னொண்ணு, ஃபார்ம் ரீசெட்டை பதில் சரியா வந்த பிறகு மட்டும் கூப்பிடுங்க. நீங்க இப்ப ஃபெட்ச் கிளம்பின உடனே ரீசெட் பண்றீங்க, ஃபெயில் ஆனா அவங்க பத்து நிமிஷம் உக்காந்து டைப் பண்ணது போச்சு. எழுதினது எழுதின மாதிரியே இருக்கணும், "போகல, மறுபடி முயற்சி பண்ணுங்க"ன்னு பட்டன் பக்கத்துல தெளிவா தெரியணும். நெட்வொர்க் டேப்ல த்ராட்லிங்னு இருக்கற இடத்துல ஆஃப்லைன் போட்டு ஒரு தடவை, 3ஜி போட்டு வேகமா ரெண்டு தடவை அழுத்தி ஒரு தடவை சப்மிட் பண்ணிப் பாருங்க, அதுக்கப்புறம் லைவ்ல போடுங்க.